75 சென்டிமீட்டர் சிறுகுடலோடு மூன்றரை ஆண்டு: கேத்தி நாய் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆண் நாய், கலப்பினம், வயது 2, நோய்க்கு முந்தைய எடை 16 கிலோ. வீடு நீலகிரியின் கேத்தி பாலாடாவில், கேரட் கழுவும் இயந்திரங்கள் ஓடும் இடத்தை ஒட்டி. கேரட் கட்டும் நைலான் வலைச்சாக்கு ஒன்றில் கறிக்கடைக் கழிவைக் கட்டி வெளியே வைத்திருந்தார்கள். நாய் அதைக் கிழித்துக் கறியோடு வலையையும் விழுங்கியது. முதல் மூன்று நாள் வாந்தி. மருந்துக்கடை மாத்திரை கொடுத்ததும் வாந்தி நின்றது, அடைப்பு நிற்கவில்லை. அடைப்பு உள்ள நாய்க்கு வாந்தியை மட்டும் நிறுத்தினால் ஊரே நிம்மதியாகிவிடும், குடல் உள்ளே அறுபட்டுக்கொண்டே இருக்கும். ஐந்தாம் நாள் கொண்டுவந்தபோது நாய் முதுகை வளைத்து, முன்கால்களை நீட்டிக் கும்பிடுவதுபோல் நின்றது. அது வயிற்றுவலியின் நிலை.

நீரிழப்பு சுமார் 8 சதவீதம். பொட்டாசியம் 2.9, ரத்தப் புரதமான அல்புமின் 2.4, ரத்தத்தில் சிவப்பணுப் பங்கு 56 சதவீதம். நைலான் எக்ஸ்ரேயில் தெரியாது. அது குடலுக்குச் செய்யும் வேலைதான் தெரியும்: குடல் சுருக்குப்பைபோல் ஒரு பக்கமாகக் குவிந்திருக்கும், நடுநடுவே கண்ணீர்த்துளி வடிவில் காற்றுக் குமிழ்கள் இருக்கும். அல்ட்ராசவுண்டில் ஜெஜுனம், அதாவது சிறுகுடலின் நடுப்பகுதி, பாவாடைக் கொசுவம்போல் மடிந்து கிடந்தது. வயிற்றறையில் கலங்கிய நீர். அதில் பாக்டீரியாவை விழுங்கிய வெள்ளணுக்கள். குடல் ஓட்டையாகிவிட்டது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

அறுவைக்கு முன்

16 கிலோவில் 8 சதவீதம் 1.28 லிட்டர். அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்தில் ஏறியது. பொட்டாசியம் கலந்த பாட்டில் தனி: லிட்டருக்கு 30 மில்லி ஈக்விவலன்ட், அதாவது இங்கே கிடைக்கும் 15 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலில் 15 மில்லி. இதன் வேகம் மணிக்குக் கிலோவுக்கு 0.5-ஐத் தாண்டக்கூடாது. இந்த நாய்க்கு அது மணிக்கு 8, பாட்டில் கணக்கில் 265 மில்லி. நீரிழப்பை ஈடுகட்ட வேகமாக ஓடும் பாட்டிலிலேயே பொட்டாசியத்தையும் கலப்பது அடிக்கடி நடக்கும் தவறு. இதயம் நின்றுபோகும்.

கிருமிக்கொல்லி மருந்து செஃபசோலின் கிலோவுக்கு 22 மி.கி., மயக்கம் கொடுக்கும்போது ஒரு முறை, பிறகு 90 நிமிடத்துக்கு ஒரு முறை. கூடவே மெட்ரோனிடசோல். நீரிழப்பும் குடல் தையலும் சேர்ந்த நாய்க்கு மெலாக்சிகம் வகை வலிமருந்து கூடாது. வலிக்கு பியூப்ரெனார்ஃபின், கிலோவுக்கு 0.02 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒரு முறை.

மலையில் அறுவை செய்பவர்கள் கருவிக் கொதிகலனின் முள்ளை நம்பி ஏமாறுவது உண்டு. கேத்தி உயரத்தில், சுமார் 2000 மீட்டரில், தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆட்டோகிளேவ் முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு அழுத்தம் என்பதை மட்டும்தான். சமவெளியில் 15 பவுண்டுக்கு 121 டிகிரி வரும். இங்கே அதே 15 பவுண்டுக்கு சுமார் 117 டிகிரிதான் வரும். ஆயிரம் அடிக்கு அரைப் பவுண்டு கூட்டி, 18 முதல் 19 பவுண்டு வரை ஏற்ற வேண்டும். முடியாத பழைய பாத்திரம் என்றால் நேரத்தை நீட்ட வேண்டும். வெப்பம் சரியாக ஏறியதா என்பதை உள்ளே வைத்த காட்டிப்பட்டைதான் சொல்லும், முள் சொல்லாது. குளிர் இன்னொரு எதிரி. வயிறு திறந்த நாயின் உடல்வெப்பம் அரைமணி நேரத்தில் 2 டிகிரி இறங்கும். கால்களுக்குக் கம்பளி உறை, 39 டிகிரியில் உப்புநீர், மேசைக்கடியில் சுடுநீர்ப் பை மூன்றும் முன்கூட்டியே தயாராக இருந்தன.

வெட்டியதும் விட்டதும்

நைலான் நார் இரைப்பையின் வாயிலில் முடிச்சாகச் சிக்கியிருந்தது. அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு குடல் நாரின்மேல் ஏறி ஏறிக் குவிந்துவிட்டது. முதலில் இரைப்பையைத் திறந்து முடிச்சை அறுத்துவிட வேண்டும். அதற்கு முன் நாரை இழுத்தால் அது ரம்பம்போல் குடலை அறுக்கும். இங்கே அறுத்து முடித்தே விட்டிருந்தது. குடலைத் தாங்கும் சவ்வு வந்து ஒட்டும் ஓரத்தில் எட்டு இடங்களில் ஓட்டை. இந்த ஓரம் கொழுப்புக்குள் மறைந்திருப்பதால், வெளிப்பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்குக் குடல் நன்றாகத்தான் தெரியும். விரலிடுக்கில் அங்குலம் அங்குலமாகப் பிடித்து, கொழுப்பை ஒதுக்கிப் பார்த்தபோதுதான் கடைசி மூன்று ஓட்டைகள் கிடைத்தன.

வெட்டுமுன் அளந்தாக வேண்டும். நனைத்த நூலை, சவ்வு ஒட்டாத ஓரமாகக் குடலின்மேல் வைத்து அளந்ததில், இரைப்பை வாயில் முதல் பெருங்குடல் சேருமிடம் வரை 250 செ.மீ. அகற்றியது 175 செ.மீ., அதாவது 70 சதவீதம். மிஞ்சியது சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினம் 25, ஜெஜுனம் 50. கடைசிப் பகுதியான இலியம் முழுதும் போனது, பெருங்குடலின் வாயிலடைப்பும் (வால்வு) அதோடு போனது. இந்த எண்களைத் தங்கக் கணக்காக எடுத்துக்கொள்ளக்கூடாது. உயிருள்ள குடல் தொட்டால் சுருங்கும், இழுத்தால் நீளும். இரண்டு பேர் அளந்தால் இரண்டு நீளம் வரும். எவ்வளவு வெட்டினோம் என்பதைவிட எவ்வளவு விட்டோம் என்பதையே குறித்துவைக்க வேண்டும்.

ஜெஜுனத்தின் வாய் சிறியது, பெருங்குடலின் வாய் பெரியது. ஜெஜுனத்தைச் சவ்வு ஒட்டாத ஓரத்தில் ஒரு செ.மீ. கீறி விரித்து வாயைச் சமப்படுத்தினார்கள். 3-0 பாலிடையாக்சனோன் நூல், உருண்டை முனை ஊசி, தனித்தனித் தையல்கள், இடைவெளி 3 மி.மீ., ஓரத்திலிருந்து 3 மி.மீ. முதல் தையல் சவ்வு ஒட்டும் ஓரத்தில், ஏனென்றால் ஒழுகுவது அங்கேதான். ஒவ்வொரு தையலும் உள்சவ்வுக்குக் கீழே இருக்கும் நாரடுக்கைப் பிடிக்க வேண்டும். பலம் முழுக்க அந்த அடுக்கில்தான். பிறகு 10 செ.மீ. நீளத்தை இரு பக்கமும் விரலால் அடைத்து, சுமார் 15 மில்லி உப்புநீர் ஏற்றி, கசிவு இல்லை என்று பார்த்து, வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புப் போர்வையான ஓமென்டத்தைச் சுற்றிவைத்து, 2 லிட்டர் வெதுநீரில் வயிற்றைக் கழுவி, கையுறையும் கருவியும் மாற்றி மூடினார்கள்.

மெசன்ட்ரியை, அதாவது குடலைத் தாங்கும் அந்தச் சவ்வை, வேரோடு வெட்டாமல், அகற்றும் குடலுக்கு அருகிலேயே ஒவ்வொரு ரத்தக்குழாயாகக் கட்டி வெட்டியதற்குக் காரணம் உண்டு. அது குடல் மாற்று ஆராய்ச்சி தந்த பாடம், கீழே வருகிறது.

முதல் ஆறு வாரம்

இரண்டாம் நாள் ரத்தம் கலந்த தண்ணீராகப் போனது. வீட்டார் பயந்தார்கள். ஆனால் இது எதிர்பார்த்ததுதான். ரத்தம் தடைபட்டுத் திரும்பினால் குடலின் உறிஞ்சிகள், அதாவது உட்சுவரில் உணவை உறிஞ்சும் நுண்விரல்கள், நுனியிலிருந்து உரியும். இந்தச் சேதத்தை 0 முதல் 5 வரை தரம்பிரிக்கும் அளவுகோலை 1970-இல் சியூ குழுவினர் உருவாக்கியதே நாய்க்குடலில்தான். உறிஞ்சிகளின் அடிக்குழிகள் உயிரோடு இருந்தால் சில நாளில் புதிய தோல் மூடிவிடும். வெளியே சிவந்து நன்றாகத் தெரியும் குடல் உள்ளே உரிந்து கிடக்கலாம் என்பதை நினைவில் வைத்தால் பாதிப் பதற்றம் குறையும்.

உண்மையான ஆபத்து 3 முதல் 5 நாள் வரை. தைத்த இடத்தின் பழைய திசுநாரை உடல் கரைத்துவிடும், புதிய திசுநார் இன்னும் வந்திருக்காது, இணைப்பு நூலை மட்டுமே நம்பியிருக்கும். மூன்றாம் நாள் லேசான காய்ச்சல். வயிற்று நீரில் சர்க்கரை 81, ரத்தத்தில் 98. வித்தியாசம் 20-ஐத் தாண்டினால் சீழ் என்று சந்தேகிப்பது வழக்கம். ஆனால் அறுவைக்குப் பிந்தைய வயிற்றில் இந்த எண் ஏமாற்றும். நுண்ணோக்கியில் பாக்டீரியா இல்லை, வாந்தி இல்லை, நாய் வாலாட்டுகிறது. திறக்கவில்லை. மறுநாள் காய்ச்சல் இறங்கியது.

உணவு 18 மணி நேரத்தில் தொடங்கியது. ஓய்வுநிலைத் தேவை, எடையின் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்கினால் கிடைக்கும்: 16 கிலோவுக்கு 560 கலோரி. முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, மூன்றாம் நாள் முழுதும். பட்டினி போட்டால் குடல் வளராது. உறிஞ்சிகளுக்கு வளர்ச்சித் தூண்டுதல் குழாய்க்குள் வரும் உணவுதான், நரம்பு வழி ஏறும் குளுக்கோஸ் அல்ல.

பெரிய அளவில் குடலை வெட்டியபின் இரைப்பை அமிலம் மிகுதியாகச் சுரக்கும். ஆகவே ஒமெப்ரசோல் கிலோவுக்கு 1 மி.கி., தினம் இருவேளை, 6 வாரம். அதற்குமேல் தொடரவில்லை. அமிலம் ரொம்பக் குறைந்தால் பாக்டீரியா மேலேறும், வாயிலடைப்பு இல்லாத இந்த நாய்க்கு அது தனி வம்பு. இலியம் இல்லாததால் பித்த உப்பு திரும்ப உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குள் கொட்டி அங்கே நீரை வரவழைக்கும். அதற்குக் கொலெஸ்டிரமின் தூள், மற்ற மருந்துகளுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி. சேர்த்துக் கொடுத்தால் அந்த மருந்துகளையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும்.

எடை 16-லிருந்து ஐந்தாம் வாரத்தில் 12.4-க்கு வந்தது. நாளுக்கு எட்டு ஒன்பது முறை மலம். வீட்டுக்காரம்மா பால்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தினமும் இரண்டு எண் எழுதினார்: எத்தனை முறை, எவ்வளவு கெட்டி. 7 என்றால் தண்ணீர், 2 என்றால் கையில் எடுக்கலாம். பின்னாளில் எந்த ரத்தப் பரிசோதனையையும்விட அந்த நோட்டுதான் அதிகம் பயன்பட்டது.

“வேற குடல் வைக்க முடியாதா டாக்டர்?”

ஐந்தாம் வாரம், நாய் எலும்பும் தோலுமாக இருந்தபோது வீட்டுக்காரர் கேட்டது. நியாயமான கேள்வி. மனிதருக்கு வைக்கிறார்கள், அதை முதலில் வைத்துப் பார்த்ததே நாய்க்குத்தான்.

ரத்தக்குழாய்களைத் தைக்கும் முறையை உருவாக்கி 1912-இல் நோபல் பெற்ற அலெக்சிஸ் காரல், 1900-களின் தொடக்கத்திலேயே நாய்க்குடல் துண்டை இடம்மாற்றிப் பார்த்தவர். 1959-இல் மினசோட்டாவில் ரிச்சர்ட் லில்லிஹெய், நாயின் சிறுகுடலை வெளியே எடுத்து, குளிரில் 5 மணி நேரம் வைத்திருந்து, அதே நாய்க்குத் திரும்பப் பொருத்திப் பிழைக்கவைத்தார். 1960-இல் தாமஸ் ஸ்டார்சல் பல உறுப்புகளை ஒரே கொத்தாக நாய்களில் மாற்றினார். வேறு நாயின் குடல் என்றால் மருந்தில்லாமல் ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்துபோனது. 1971-இல் மோன்சிக்கும் ரஸ்ஸலும் எலிகளில் மறுபக்கத்தையும் காட்டினார்கள்: வாங்கிய உடல் குடலைத் தாக்குவது மட்டுமில்லை, வந்த குடலும் உடலைத் தாக்கும். குடலும் அதைத் தாங்கும் சவ்வும் நிணத்திசு, அதாவது நோயெதிர்ப்பு அணுக்கள் கூடியிருக்கும் திசு, நிரம்பியவை. குடலை மாற்றினால் எதிராளியின் படையையும் கூடவே வீட்டுக்குள் விடுகிறோம். சிறுநீரகம் இந்த அளவுக்கு இப்படிச் செய்வதில்லை.

நிராகரிப்பை அடக்கும் மருந்தான சைக்ளோஸ்போரின் வந்தபின் 1980-களின் தொடக்கத்தில் நாய்களில் நீண்ட பிழைப்பு சாத்தியமானது. பன்றிகளில் பழகிய கனடாக் குழு 1988-இல் மனிதரில் கல்லீரலோடு குடலையும் மாற்றி வென்றது. அதே வகை மருந்தான டாக்ரோலிமஸ் 1990-களில் கதவை அகலத் திறந்தது. இன்றும் மனிதரில் ஐந்தாண்டு கழித்து வேலை செய்யும் மாற்றுக்குடல் ஏறத்தாழப் பாதிதான்.

விலங்கு ஆய்வுகளைப் படிக்கும்போது ஒரு சொல்லில் எச்சரிக்கை வேண்டும். எலி ஆய்வில் ‘நீண்டகாலம்’ என்றால் பெரும்பாலும் 100 நாள். இரண்டு மூன்று ஆண்டு வாழும் எலிக்கு அது சிறிதில்லை. ஆனால் திசு வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலான விலங்குகளைக் குறித்த நாளில் கொன்றுவிடுவதால், நன்றாக இருந்த விலங்கு அடுத்த ஆண்டு என்ன ஆகியிருக்கும் என்பது தாளில் வராது. கேத்தி வீட்டுக்காரர் கேட்டது 100 நாளுக்கு அல்ல, பத்து ஆண்டுக்கு.

பத்து ஆண்டுக் கேள்விக்கு வேண்டிய குறிப்பு இரண்டு வகை ஆய்வில் இருக்கிறது. ஒன்று, நாயின் குடலை அதே நாய்க்குத் திரும்ப வைத்தவை. மேயோ கிளினிக்கில் மைக்கேல் சார் குழுவினர் இதில் நிறையச் செய்தார்கள். அங்கே நிராகரிப்பு என்ற பேச்சே இல்லை. ஆனாலும் வெளி நரம்பு அறுந்ததாலும் நிணக்குழாய் துண்டானதாலும் வயிற்றுப்போக்கு வருகிறது, நீரும் கொழுப்பும் பித்த உப்பும் பி12-உம் சரியாக ஏறுவதில்லை. குடலுக்குள்ளேயே இருக்கும் நரம்புவலை தன் அலையைத் தானே ஓட்டுகிறது, ஆனால் மேல்குடலின் அலையோடு தாளம் சேர்வதில்லை. நிணக்குழாய்கள் சுமார் ஒரு மாதத்தில் திரும்ப இணைகின்றன, நரம்பு அவ்வளவு எளிதில் வருவதில்லை. இரண்டாவது வகை, எலிகளில் மெல்லமாக நடக்கும் நிராகரிப்பு. குடலின் தமனிகள் உள்ளே தடித்து அடைபடும், சவ்வு நாராகச் சுருங்கும், உறிஞ்சிகள் மழுங்கும். உள்நோக்கி வழியாகக் கிள்ளும் மேல்தோல் துணுக்கில் இது தெரியாது, முழுத் தடிமன் வேண்டும். தெரியும்போது குடல் போயிருக்கும்.

இதோடு நாய்க்கே உரிய தடை ஒன்று: டாக்ரோலிமஸ் நாய்களுக்குப் பசியின்மை, எடை இழப்பு, ரத்தக்குழாய் அழற்சி என்று கொடுக்கும். அமெரிக்காவில் பூனைக்குச் சிறுநீரக மாற்று 1980-களிலிருந்து நடக்கிறது. நாய்க்குக் குடல் மாற்று என்பது சிகிச்சையாக எங்கும் நிலைபெறவில்லை. இங்கே ஆய்வாகச் செய்யவும் 1960-ஆம் ஆண்டு வதைத்தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குழுவின் அனுமதி வேண்டும்.

வீட்டுக்காரருக்குச் சொன்ன பதில் வேறு மாதிரி: மிஞ்சிய 75 செ.மீ.-க்கு அதன் நரம்பும் நிணமும் அப்படியே இருக்கின்றன. எந்த மாற்றுக்குடலுக்கும் கிடைக்காத அனுகூலம் அது. மெசன்ட்ரி வேரை வெட்டாமல் விட்டது இதற்காகத்தான். 50 சதவீதத்துக்கு மேல் குடல் இழந்த நாய் பூனைகளில் பலவும் தேறியிருக்கின்றன, வெட்டிய சதவீதத்தை வைத்து மட்டும் யாராலும் ஆரூடம் சொல்ல முடிந்ததில்லை. இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ஒரு குறையையும் மறைக்கவில்லை: இலியம் மிஞ்சியிருந்தால் அது ஜெஜுனத்தின் வேலையைக் கற்றுக்கொள்ளும், ஜெஜுனம் இலியத்தின் வேலையைக் கற்றுக்கொள்ளாது. பி12 ஊசி ஆயுசுக்கும்.

தேறிய விதம்

மூன்றாம் மாதம் 13.1 கிலோ, ஆறாம் மாதம் 14.2, ஓராண்டில் 14.8. பழைய 16 திரும்பவில்லை, திரும்பவும் வேண்டாம். அல்ட்ராசவுண்டில் மிஞ்சிய ஜெஜுனம் அகன்று, சுவர் தடித்திருந்தது. புதிதாகப் பார்ப்பவர் இதையே அடைப்பு என்று எழுதிவிடுவார்.

நாளொன்றுக்கு வெந்த கோழிக்கறி 300 கிராம், குழைய வெந்த சோறு 450 கிராம், ஆறு வேளையாகப் பிரித்து. சுமார் 1080 கலோரி, உறிஞ்சாமல் போவதற்கும் சேர்த்து. கறியும் சோறும் மட்டும் என்றால் எலும்பு கரையும்: முட்டையோட்டுப் பொடி முக்கால் தேக்கரண்டி, கூடவே விட்டமின் துளிகள். மசித்த வெந்த கேரட் இரண்டு மேசைக்கரண்டி, இசப்கோல் ஒரு தேக்கரண்டி. பெருங்குடல் முழுதாக இருப்பதால் கரையும் நாரைப் புளிக்கவைத்து அதிலிருந்தும் கொஞ்சம் சக்தி எடுத்துக்கொள்ளும். பச்சைக் கேரட் அப்படியே வெளியே வந்தது. அந்த ஊரில் கேரட் கொடுக்காதே என்று சொல்வதுதான் கஷ்டம். தேங்காயெண்ணெய் சீக்கிரம் ஏறும் கொழுப்பு என்று யாரோ சொல்லி ஊற்றியதில் நான்கு நாள் மலம் எண்ணெயாகப் போனது. தேங்காயெண்ணெயில் பாதி லாரிக் அமிலம், அது பெரும்பாலும் நீண்ட சங்கிலிக் கொழுப்பைப்போல் நிணம் வழியாகத்தான் போகும்.

பி12: 600 மைக்ரோகிராம் தோலுக்கடியில், வாரம் ஒன்றாக ஆறு, பிறகு மாதம் ஒன்று. பி-காம்ப்ளக்ஸ் ஊசி இதற்கு மாற்று ஆகாது. அதில் பி12 குறைவு, வலியோ அதிகம்.

பதினைந்தாம் மாதம் சறுக்கல். தென்மேற்கு மழையில் பாதை அடைபட்டதும், நாய் நன்றாக இருக்கிறதே என்ற நினைப்பும் சேர்ந்து நான்கு ஊசி தவறின. பால்கணக்கு நோட்டில் 3, 3, 4 என்று இருந்த எண்கள் 5, 6 என்று ஏறத் தொடங்கிய பின்னும் மூன்று வாரம் கழித்தே வந்தார்கள். எடை 12.9. பி12 அளவு 150-க்குக் கீழே, ஃபோலேட் இயல்பைத் தாண்டி. பி12 குறைந்தால் குடல்தோலே புதுப்பிக்காது, புதுப்பிக்காத தோல் இன்னும் குறைவாக உறிஞ்சும், அந்த வட்டத்துக்குள் நாய் விழுந்துவிட்டது. உயர்ந்த ஃபோலேட், பெருங்குடல் பாக்டீரியா மேலேறிவிட்டதன் அடையாளம். வார ஊசி மறுபடி ஆறு. கிருமிக்கொல்லி டைலோசின் கிலோவுக்கு 20 மி.கி. இருவேளை நான்கு வாரம், கசப்பு தாங்காததால் காப்ஸ்யூலில் அடைத்து. ஒன்பது வாரத்தில் 14.3. அதன்பின் ஊசி போடும் முறை வீட்டுக்காரம்மாவுக்கே கற்றுத்தரப்பட்டது, ஆம்பூல்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

மூன்றரை ஆண்டு முடிவில் 14.5 கிலோ, நாளுக்கு மூன்று முறை மலம், கெட்டி 4, அல்புமின் 2.9, பி12 இயல்பில். வெளியே வைக்கும் கழிவு இப்போது மூடியுள்ள டிரம்மில். நாயின் தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறது: “மிஞ்சிய சிறுகுடல் 75 செ.மீ. இலியம் இல்லை, வாயிலடைப்பு இல்லை. குடல் அகன்று தெரிவது இயல்பு. வெட்டுமுன் அளக்கவும்.”